கட்டு மாற்றிய ஆட்டம்

விக்கிரமசிங்கபுரத்துத் தையல்காரி முத்துராணி, அவரவர் சேர்த்த கட்டை வைத்து ஆடும், மிருகங்கள் மோதும் கார்டு ஆட்டத்துக்காக ஞாயிறுதோறும் அம்பாசமுத்திரம் போவாள். புதிதாகச் சேர்ந்தபோது அவளிடமிருந்த அபூர்வமான நாகக் கார்டை, "இது ஒண்ணுக்கும் ஒதவாது" என்று ஏமாற்றி வாங்கிக்கொண்டான் மருந்துக்கடை கணேஷ்ராம். பிறகு அதை வைத்தே வாராவாரம் அவளைத் தோற்கடித்துச் சிரித்தான்.

அவள் கோபத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. ஒன்றோடொன்று சேராத கார்டுகளாகப் பொறுக்கி, உருப்படாத கட்டு ஒன்றை ஒரு வாரம் உட்கார்ந்து தயார் செய்து, அடுத்த ஞாயிறு கொண்டுபோனாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு வேடிக்கைக்குக் கட்ட மாத்தி ஆடுவமா? ஒங்க கட்டு எனக்கு, என் கட்டு ஒங்களுக்கு."

சுற்றியிருந்தவர்கள் கைதட்டியதால் அவனால் மறுக்க முடியவில்லை. கைக்கு வந்த ஒரு கார்டும் அவனுக்கு உதவவில்லை. அவள் நாகத்தை இறக்கி ஐந்தே சுற்றில் அவனைச் சாய்த்தாள்.

"இன்னொன்னு போடுவோம்" என்றான்.

"வேண்டாம். இனி நல்லா ஆடுதவங்க கூடத்தான் ஆடுவேன்" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். அவன் முகம் கறுத்ததை வீடுவரை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.