ஆன்ட்டி பிள்ளைக்கு எப்போதும் கடைசி

1. ஏம்மா வந்தே?

வேலை கேட்டு வருகிற பெண்ணை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ஏம்மா இந்த வேலைக்கு வந்தே?"

பெரும்பாலும் எல்லாரும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததுபோல் ஒரே பதிலைச் சொல்வார்கள். "குழந்தைங்கன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும் மேடம்."

பொய். குழந்தை யாருக்குத்தான் பிடிக்காது? பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவது வேறு. காலையிலிருந்து மூன்று மணி வரைக்கும் தரையில் மண்டிபோட்டு, மூக்கைத் துடைத்து, நனைந்த ஜட்டியை மாற்றி, ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாமல் இருப்பது வேறு. பிடிக்கும் என்ற ஒரே காரணத்தை நம்பி வந்தவள் தீபாவளிக்குமேல் தாங்கியதை நான் பார்த்ததில்லை.

ஓசூரில் எங்கள் மாண்டிசோரி வீட்டுக்கு, அதாவது எங்கள் மழலைப் பள்ளிக்கு, வந்தவர்களின் நிஜக் காரணங்கள் வேறு. ஒருத்தி சிப்காட்டில் மொபைல் அசெம்பிளி லைனில் நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டதால் வந்தாள். இன்னொருத்தி, "நைட் ஷிஃப்ட் போற மருமக எங்களுக்கு வேணாம், டீச்சர் வேலைன்னா போகட்டும்" என்று மாமியார் சொல்லிவிட்டதால் வந்தாள். சூளகிரியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண், மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிக்கொள்ள ஒரு வேலை வேண்டும் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

என் கதையிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, கணவருக்கு இங்கே ஃபேக்டரியில் வேலை என்பதால் சேலத்திலிருந்து வந்தேன். வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் பெங்களூருக்கு டிரெயினிங் போனேன். தொண்டு, தியாகம் எல்லாம் பிறகு மேடையில் மற்றவர்கள் சேர்த்துச் சொன்னது.

மஞ்சுளாவும் முதல் நாளே உண்மையைச் சொன்னாள்.

2. "என் பையனைப் பேச வைக்கணும்"

உத்தனப்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். கணவன் முனிராஜ் சிப்காட்டில் இரும்புத் தகடு அழுத்துகிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறான். நான் கேட்டதும், கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சொன்னாள்.

"எனக்கு ஒரு பையன் மேடம், ஹேமந்த். மூணரை வயசு. பேச மாட்டேங்கறான். நீங்க சொல்லித்தர்ற முறையில புள்ளைங்க சீக்கிரம் பேசும், படிக்கும்னு சொன்னாங்க. நானே கத்துக்கினு அவனைப் பேச வைக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

"சுத்தமா பேச்சே இல்லையா?"

"ஒண்ணரை வயசுல அம்மான்னான், பாலுன்னான். நடுவுல ஒரு பெரிய காய்ச்சல் வந்துச்சு. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன் மேடம். பின்னாடி நின்னு கை தட்டினாரு, திரும்பிப் பாத்தான். காது நல்லாத்தான் இருக்குது, வீட்ல எத்தனை பாஷைன்னு கேட்டாரு. நாங்க வீட்ல தெலுங்கு. ஹவுஸ் ஓனர் கன்னடம். வெளியில தமிழ். டிவில இந்தி. இத்தனை பாஷை போட்டுக் கொழப்பினா புள்ளை எப்படிம்மா பேசும், ஒரே பாஷை பேசுங்கன்னுட்டாரு."

இதைக் கேட்டு நானும் தலையாட்டினேன். ஓசூரில் பேச்சு தாமதமாகிற எந்தப் பிள்ளைக்கும் ஊரே சொல்லுகிற வைத்தியம் இது. கடைக்காரரும் சொல்வார், படித்தவரும் சொல்வார். முனிராஜும் ஐந்து வயதுவரை பேசவில்லை என்று அவன் அம்மா வேறு சத்தியம் செய்தாளாம்.

பள்ளிக்கூடத்தில் உதவும் என்று மஞ்சுளா தமிழைத் தேர்ந்தெடுத்தாள். அன்றிலிருந்து பையனிடம் ஒரு தெலுங்கு வார்த்தை பேசுவதில்லை. மாமியாருக்குத் தமிழ் அரைகுறை. "அப்படின்னா அவன்கிட்ட பேசவே வேணாம் அத்தை" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா கோபித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். தாலாட்டு, திட்டு, கொஞ்சல் எல்லாவற்றையும் மஞ்சுளா தமிழில் புதிதாகக் கற்றுக்கொண்டாள். "திட்டறதுகூட வர மாட்டேங்குது மேடம், யோசிச்சு யோசிச்சுத் திட்ட வேண்டியிருக்குது" என்று ஒரு நாள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்த சில நாட்களில் அது ஒன்று.

3. தங்கமான பையன்

எங்கள் முறையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வேலையைப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுப்பதை பிரசன்டேஷன் என்போம். ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றுவது, மேஜையைக் கழுவுவது, பிங்க் டவர் கட்டைகளைக் கோபுரமாக அடுக்குவது, எதுவானாலும் வாயைத் திறக்காமல் செய்துகாட்ட வேண்டும். கை பேசும்போது வாய் பேசினால் பிள்ளை எதைப் பார்க்கும்? டிரெயினிங்கில் இதற்காக நாங்கள் வாங்காத திட்டு இல்லை.

அதனால், மஞ்சுளாவோடு நாங்கள் சேர்த்துக்கொண்ட ஹேமந்துக்கு எங்கள் வீடு சொர்க்கமாகிவிட்டது. ஒரு தடவை காட்டினால் போதும். வேலைக்கு விரிக்கிற பாயைச் சுருட்டுவதில் அவனை அடிக்க ஆள் இல்லை. மற்றப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும்போது அவன் பாட்டுக்கு ஒரு மூலையில் சிலிண்டர் பிளாக்கின் மரக் குமிழ்களைக் குழிகளில் பொருத்திக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பான். இப்படி வேலையில் மூழ்கிய பிள்ளையைக் கூப்பிடக்கூடாது, தொடக்கூடாது, பாராட்டக்கூடக் கூடாது என்பது சட்டம். நாங்களும் கூப்பிடவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பிள்ளைகள் ஆன்ட்டி என்று கூப்பிடுகிற எங்கள் டீச்சர்களின் சொந்தப் பிள்ளைகள் இங்கேயே படித்தால் அவர்களுக்கு எல்லாமே கடைசி. தட்டு கடைசி, ஊஞ்சல் கடைசி. முன்பு ஒரு பெற்றோர் வந்து, "உங்க டீச்சர் புள்ளைக்குத்தான் எல்லாம் மொதல்ல" என்று வாசலில் நின்று சண்டைபோட்டதால் வந்த வழக்கம். மஞ்சுளா அதில் மற்றவர்களைவிடக் கறாராக இருந்தாள்.

வாரம் ஒரு முறை சைலன்ஸ் கேம் நடக்கும். பிள்ளைகள் எல்லாரும் கண்ணை மூடி அசையாமல் உட்கார்வார்கள். ஆன்ட்டி பக்கத்து அறைக்குப் போய் ஒவ்வொரு பெயராக ரகசியக் குரலில் கூப்பிடுவாள். பெயர் கேட்ட பிள்ளை பூனை மாதிரி எழுந்து அவளிடம் போக வேண்டும். மஞ்சுளாதான் நடத்துவாள், ஹேமந்தைக் கடைசியில் கூப்பிடுவாள். அதற்குள் அவன் கண்ணைத் திறந்துவிடுவான். எல்லாரும் போயிருப்பார்கள், அம்மா கதவருகே நிற்பாள். எழுந்து வந்துவிடுவான்.

பெங்களூரிலிருந்து ஒரு டிரெயினர் அம்மா பார்வையிட வந்தார். சிலை போல் உட்கார்ந்திருந்த ஹேமந்தைக் காட்டி எங்களிடம் சொன்னார். "பாருங்க, இந்த வயசுல இவ்ளோ அமைதி! இதுக்காகத்தான் நாம இவ்ளோ பாடுபடறோம்."

மஞ்சுளா முகம் பூரித்துப்போயிற்று. எங்களுக்கும்தான். அன்று எல்லாருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தேன்.

4. ஸ்டெல்லா கூப்பிட்டாள்

மழைக்காலத்தில் மஞ்சுளாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அந்த வாரம் சைலன்ஸ் கேமை ஸ்டெல்லா நடத்தட்டும் என்றேன். மத்திகிரியிலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண். ஆன்ட்டி பிள்ளை கடைசி என்ற வழக்கம் அவளுக்குத் தெரியாது. கதவுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களிடமிருந்து ஆரம்பித்தாள்.

கதவுக்குப் பக்கத்தில் ஹேமந்த் இருந்தான்.

"ஹேமந்த்..."

அசையவில்லை. மஞ்சுளா பின்சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"ஹேமந்த்..." இந்த முறை கொஞ்சம் உரக்க. அவன் கண்ணை இறுக மூடி, லேசாகச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். இந்த விளையாட்டு அவனுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஸ்டெல்லா பயந்துபோய் சட்டத்தை மறந்து சாதாரணக் குரலில் கூப்பிட்டாள். பிறகு கத்தியே கூப்பிட்டாள். மற்றப் பிள்ளைகள் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். அவன் மட்டும் மூடியே இருந்தான்.

யாழினி என்று ஒரு வாயாடிப் பெண், ஐந்து வயதிருக்கும். அவள்தான் சொன்னாள். "ஆன்ட்டி, அவனுக்குக் கேக்காது. தொட்டாத்தான் வருவான்."

"யாரு சொன்னா உனக்கு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"யாரும் சொல்லல. எங்க எல்லாருக்கும் தெரியுமே. நாங்க தொட்டுத்தானே கூப்பிடுவோம்."

மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்கள். நாங்கள் படித்த டிப்ளமாவும், உற்றுநோக்கல் என்று எடுத்த வகுப்புகளும் எங்கே போயின?

மஞ்சுளா மெதுவாக நடந்து போய்ப் பையனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கட்டிய தொண்டையோடு அவன் காதருகே பெயரைச் சொன்னாள். திரும்பவும் சொன்னாள். அவள் மூச்சுக்காற்று கழுத்தில் பட்டதும் அவன் கூச்சத்தில் நெளிந்து, கண்ணைத் திறந்து, அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். டாக்டர் கை தட்டியபோதும் இப்படித்தான் காற்றோ எதிரே நின்ற அம்மாவின் முகமோ திரும்ப வைத்திருக்க வேண்டும்.

5. பெங்களூரில் சொன்னது

பெங்களூருக்கு நானும் கூடப் போனேன். தூங்கவைத்து, தலையில் வயர் ஒட்டி டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதும் ஏறக்குறைய முழுவதுமாகப் போயிருந்தது. அந்தக் காய்ச்சலில் போயிருக்கலாம் என்றார்கள். டெஸ்ட் எடுத்த பெண் நல்ல மாதிரி, தமிழில் பொறுமையாகச் சொன்னாள்.

"காதுக்கு மெஷின் போட்டுப் பாக்கலாம், உள்ளே கருவி வைக்கிற ஆபரேஷனுக்கும் எழுதித் தர்றேன். ஆனா காய்ச்சல் வந்தப்பவே கூட்டிட்டு வந்திருந்தா நான் வேற மாதிரி சொல்லியிருப்பேன். இப்ப பேச்சு வரும்னு என்னால வாக்கு குடுக்க முடியாதும்மா."

மஞ்சுளா கேட்டது ஒன்றே ஒன்று. "அப்போ பாஷையால இல்லையா?"

"பாஷையா? எத்தனை பாஷை பேசினாலும் புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. யாரு சொன்னது?"

திரும்பி வரும்போது பஸ் அத்திப்பள்ளி தாண்டியதும் அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பையன் ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆபரேஷன் நடந்தது. மெஷின் வந்தது. சத்தம் ஏதோ விழுகிறது என்கிறார்கள், ஆனால் பேச்சாக அவனுக்குப் புரிவதில்லை. வாரம் தவறாமல் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறாள். இன்றுவரை அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நல்லபடியாக முடித்துச் சொல்ல எனக்கும் ஆசைதான், முடியவில்லை.

மாமியார் ஊரிலிருந்து வந்து, "என் வாயைக் கட்டினியே, இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து என் அறைக்கு வந்து நின்றாள். "அவனைப் பேச வைக்கத்தான் மேடம் வந்தேன். இனிமே நான் எதுக்கு வரணும்?"

"நாளைக்கு வா. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். வந்தாள். இன்றும் வருகிறாள். இப்போது எங்கள் வீட்டில் மற்றவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்தும் வார்த்தையும் சொல்லிக்கொடுப்பது அவள்தான்.

6. புதிதாக வருகிறவர்களுக்கு

இப்போதும் நான் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். குழந்தைகள் பிடிக்கும் என்று சொன்னால் சரி என்று விட்டுவிடுகிறேன். பிறகு இதைச் சொல்கிறேன். அமைதியாக இருக்கிற பிள்ளையை மெச்சுவதற்கு முன்னால் அதன் பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். மூழ்கி வேலை செய்கிறது, கலைக்கக்கூடாது என்று சட்டம் பேச வேண்டாம். கலைந்தால் கலையட்டும், இன்னொரு தடவை செய்துகொள்ளும். சந்தேகமாக இருந்தால் மற்றப் பிள்ளைகளைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. சைலன்ஸ் கேமில் இப்போது ஆன்ட்டி பிள்ளையைத்தான் முதலில் கூப்பிடுகிறோம். எந்தப் பெற்றோர் சண்டைக்கு வந்தாலும் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் பிள்ளைகள் எல்லாம் போனபிறகு, கை கழுவுகிற இடத்தில் மஞ்சுளாவின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மண்டிபோட்டு, ஹேமந்தின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"பாலு தாகுதாவா நாயனா?"

பால் குடிக்கிறாயா கண்ணு என்று கேட்கிறாள். வேலைக்கு வந்ததிலிருந்து அவனிடம் அவள் தெலுங்கு பேசி நான் கேட்டதே இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"என்னம்மா, மறுபடியும் தெலுங்கா?" என்றேன்.

"அவனுக்கு எந்த பாஷையா இருந்தாலும் ஒண்ணுதான் மேடம்" என்றாள். "எனக்குத்தான் ரெண்டும் ஒண்ணு இல்ல."

பையனின் கையைத் துடைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, ராயக்கோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.