டிக்கெட் வந்தும் ஊருக்குப் போகாத செல்வம்

பவித்ரா, கார்த்தி, அப்பா போனில் எரிந்து விழுகிறார் என்று சொன்னீர்களே, இந்த வருஷம் என்னை அப்படி ஆக்கியவன் பெயர் செல்வம். புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். இங்கே கத்தாரில், ராஸ் லஃபானில் என் கீழே சாரம் கட்டுகிறான். கேம்ப்பில் என் ரூம்தான், எனக்குக் கீழ்க் கட்டில்.

1. லீவு

எங்கள் கம்பெனியில் லீவு வரிசைப்படிதான். ஒருவன் போய்த் திரும்பினால் அடுத்தவன் போகலாம். செல்வம் டிக்கெட் கைக்கு வந்த பிறகு வேண்டாம் என்பான். இரண்டு தரம் இப்படிச் செய்தான். அந்த இடத்துக்கு வேறு ஆளை அனுப்ப ஆபீஸ் ஒத்துக்கொள்ளாது. பின்னால் காத்திருந்தவர்கள் என் உயிரை எடுத்தார்கள். அவனுக்கு ஓவர்டைம் ஆசை என்றார்கள். ஃபோர்மேன் நீதானே, பிடித்து ஏற்றிவிடு என்று மேனேஜர் இந்தியில் கத்தினார். கேட்டால் செல்வம் தரையைப் பார்ப்பான்.

2. சோறு

வந்தபோது ஒல்லியாக இருந்தவன் ஊதிக்கொண்டே போனான். சேஃப்டி பெல்ட் மாட்ட முடியவில்லை. உயரத்தில் வேலை செய்தவனைக் கீழே பைப் எடுத்துக் கொடுக்க நிறுத்தினேன். ரூமில் சும்மா விடுவார்களா? "மாப்ள, ஒனக்கு ரெண்டு சீட்டு போடணுமாம், அதான் ஆபீஸ்ல யோசிக்கிறாங்க" என்பார்கள். அவனும் சிரிப்பான்.

வாயைக் கட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மெஸ்ஸில் பரிமாறுகிறவனிடம், அவனுக்கு இரண்டாவது தரம் சோறு போடாதே என்றேன். டூட்டி முடிந்ததும் நடக்க இழுத்துப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் குளிக்கக்கூட எழுந்திருக்க மாட்டான். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு தனியாக உட்கார்ந்து குபூஸ் ரொட்டி தின்பான். ஒரு நாள் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா, அப்புடி என்னடா பசி ஒனக்கு?"

"பசியே இல்லண்ணே. திங்கிற வரைக்கும் மனசுல ஒண்ணும் ஓடாது. அதுக்குத்தான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபம்தான் கூடியது.

3. டாக்டர்

கம்பெனி டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எடையைக் குறை, கலாஸ், அவ்வளவுதான் என்றார். எரிச்சலோடு வெளியே வந்து, மறு வாரம் பக்கத்து ஊரான அல்கோரில் ஒரு கேரளத்து டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் எடையைப் பிறகு பார்த்தார். முதலில் தூக்கம் வருகிறதா என்று கேட்டார். பிறகு, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டார். செல்வம் ஆமாம் என்று தலையை ஆட்டினான். மேல் கட்டிலில் படுத்திருக்கும் எனக்கு இது தெரியாது.

இது மனச்சோர்வு என்றார். குண்டாக இருக்கிற எல்லோருக்கும் இது வருவதில்லை. ஆனால் உடம்பு கூடக் கூட மனசு விழலாம், மனசு விழுந்தால் உடம்பு கூடலாம். எது முதலில் என்று தேடாமல் இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டுமாம். கேலியும் பட்டினியும் மருந்தில்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மாத்திரை தந்தார். தவறாமல் வந்து பேசிவிட்டுப் போகச் சொன்னார்.

டாக்ஸியில்தான் செல்வம் வாயைத் திறந்தான். "ஏர்போர்ட்டுல எம் பொண்டாட்டி என்னயப் பாத்து மூஞ்சியச் சுளிச்சிட்டா என்னண்ணே பண்ணுவேன்?" வீடியோ கால் வந்தால் போனைத் திருப்பி ஏசியைக் காட்டியே பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

ரூமுக்கு வந்ததும் அவள் கால் வந்தது. இன்றைக்கு முழுசாகக் காட்டு என்றேன். மாட்டேன் என்றான். நானே போனை வாங்கி அவன் பக்கம் பிடித்தேன். அந்தப் பெண் போனைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். செல்வம் கண்ணை மூடிக்கொண்டான்.

"இதுக்காங்க இம்புட்டு நாளா ஏசியக் காட்டுனீங்க? நான் மட்டும் எளச்சா போயிருக்கேன்? வாங்க மொதல்ல."

செல்வம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அடுத்த லீவுக்கு அவன் பெயரையே கொடுத்தேன். இந்தத் தடவை போனான். மாத்திரையையும் எடுத்துப் போனான்.

பிள்ளைகளா, கூட இருப்பவர் உடம்பு மாறினால் அவர் தட்டைப் பார்க்காதீர்கள். நன்றாகத் தூங்கினாயா என்று கேளுங்கள்.

அவனை ஏர்போர்ட் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். ரூமில் யாரும் இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் எவனோ யானைப் படம் ஒட்டி, கீழே செல்வம் பெயரை எழுதி வைத்திருந்தான். தினமும் அந்தக் கதவைத் திறந்துதான் தண்ணீர் எடுத்திருக்கிறேன். நகத்தால் சுரண்டினேன். பசை போகவில்லை. துணியை நனைத்துக்கொண்டு வந்து, போகும்வரை தேய்த்தேன்.