பக்கச் சுவர்கள்

அம்பிட்டியவில் நாங்கள் வாங்கிய வீடு, அந்த வரிசையிலிருந்த எல்லா வீடுகளையும் போலவே வெள்ளையாக இருந்தது. பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. மலிவான நீலப் பெயின்ட் ஒரு வாளி வாங்கி, மனைவியும் நானும் முன்சுவருக்கு அடித்தோம். கதவுக்கு மஞ்சள். முடித்துவிட்டு வாசலில் நின்று பார்த்தோம். சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் மதிலருகே வந்து கேட்டார்:

"முன்னுக்கு நல்லாயிருக்கு. சைட் சுவரெல்லாம் ஏன் அப்படியே உட்டுட்டீங்க?"

நாங்கள் இருவரும் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த ஒற்றையறைக் காம்பராக்களில் பக்கச் சுவருக்கு அந்தப்புறம் இன்னொரு குடும்பம் இருக்கும். வெள்ளையடிக்க எங்களுக்கென்று இருந்தது முன்சுவர் மட்டும்தான்.

மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "சைட் சுவரும் நம்மளுதாங்களா?"