போனுக்குள் இருந்த அத்தா

"கேஸ் இறங்கிப்போச்சுங்க. ஃபில் பண்ணா சரியாயிடும். கேக்குதா?"

திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், ஏசியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு முகம்மது ஆசிப் கத்துகிறார். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் கடைக்காரர் முத்துசாமி காதைத் தேய்த்துக்கொள்கிறார்.

"பக்கத்துலதானே நிக்கிறேன். ஏம்பா ஊரைக் கூட்டுற?"

ஆசிப் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். அடுத்த வாக்கியத்தை மெதுவாகத்தான் தொடங்குகிறார். முடிக்கும்போது மறுபடியும், "கேக்குதா?"

சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. பகலெல்லாம் மொட்டைமாடி வெயிலில் வேலை. அறைக்குத் திரும்பியதும் முகம் கழுவி, தலை சீவி, கோட்டக்குப்பம் வீட்டுக்கு வீடியோ கால். நெட்வொர்க் இழுத்து இழுத்து வரும். கேள்வி போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் ஒரு இடைவெளி விழும். அதற்காகக் காத்திருந்தே பழகிவிட்டார். இன்றும் யாராவது பதில் சொல்லி முடித்த பிறகும், இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். புது வாடிக்கையாளர்கள், இந்த ஆள் நம்மை நம்பவில்லையோ என்று சங்கடப்படுவார்கள்.

மனைவி ஹுமைரா கர்ப்பமாக இருந்தபோது விமானம் ஏறியவர். மகள் ஆஃபியா குப்புற விழுந்தது, பல் முளைத்தது, சுவரைப் பிடித்து நடந்தது எல்லாம் அவருக்குப் போனில் நடந்தவைதான். ஆனாலும் ஒட்டுதலுக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதிலிருந்து, அம்மா முதுகில் ஒன்று வைத்தது வரை அத்தனையையும் ஆஃபியா அத்தாவிடம் ஒப்பித்துவிடுவாள்.

சென்ற வருடம் ஆசிப் ஒரேயடியாக ஊர் திரும்பினார். பெட்டிகளைக்கூட இறக்காமல் கைகளை விரித்துக்கொண்டு வாசலில் குந்தினார். ஆஃபியா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஹுமைராவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். பொம்மை, சாக்லெட் எதுவும் எடுபடவில்லை. அந்தி மயங்கி, வழக்கமாகப் பேசும் வேளை வந்ததும் அழ ஆரம்பித்தாள்.

"அத்தாவுக்குப் போன் போடும்மா."

"இதோ இருக்காங்களே அத்தா, பாரு."

"இவங்க இல்ல. எங்க அத்தா போன்ல இருக்காங்க."

அவளுடைய அத்தா வெறும் முகம்தான். இந்த மனிதருக்கோ நீண்ட கைகால்கள் இருந்தன. அத்தர் வாசனை இருந்தது. தும்மினால் வீடே அதிர்ந்தது. அவர் கூடத்தில் இருந்தால் அவள் அடுக்களையில் இருந்தாள். அவர் அங்கே தண்ணீர் குடிக்கப் போனால், இவள் கொல்லைக்குப் போய்விடுவாள்.

"ரொம்பப் பேஜாரா இருக்கு ஹுமைரா" என்றார் ஆசிப். "அந்தப் போனை உள்ள வெச்சுப் பூட்டு. தானாப் பழகிடும்."

ஹுமைரா பூட்டினார். குழந்தை சோற்றைத் தொடவில்லை. அழுது அழுது உடம்பு சுட்டது. ஹுமைராவே பொறுக்க மாட்டாமல் போனை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

"புள்ளைகிட்டேருந்து அத்தாவைப் புடுங்கிக்கினு, அத்தாகிட்ட வான்னா எப்படிங்க வரும்?"

இத்தனை வருடம் அந்தச் சின்னக் கண்ணாடியில் தெரிய வேண்டும் என்பதற்காகவே தலை சீவிக்கொண்டவர், இப்போது அதன்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு நிற்பது ஆசிப்புக்கே வெட்கமாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தெருமுனைக்குப் போய் நின்று, வீட்டுக்கு வீடியோ கால் போட்டார்.

"அத்தா!" ஆஃபியாவின் முகம் முழுவதும் பல்லாக இருந்தது. "எங்க போய்ட்ட நீ?"

"வந்துக்கினே இருக்கேன்டா கண்ணு. எங்க இருக்கேன், பாரு." கேமராவைத் திருப்பினார். மீன்கடை தெரிந்தது. பள்ளிவாசல் மினாரா தெரிந்தது. தண்ணீர்த் தொட்டியில் முட்டிக்கொண்டிருந்த ஆடுகள் தெரிந்தன.

"அய்! அது எங்க தெரு!"

"ஆமா, உங்க தெருதான். நான் வரட்டுமா?"

"ஜல்தி வா அத்தா!"

அவர் நடந்தார். ஒவ்வொரு வீடாகக் கடக்கக் கடக்க, அது யார் வீடென்று உள்ளிருந்து அவள் கூவினாள். தங்கள் வீட்டுப் பச்சைக் கதவு வந்ததும் போனோடு வாசலுக்கு ஓடிவந்தாள். போனுக்குள் பச்சைக் கதவு திறந்தது. ஒரு சின்னப் பெண், கையில் போனோடு நின்றாள். அது தான்தான் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆசிப் அசையவில்லை. கேமராவைத் தன் பக்கம் திருப்பினார். "வந்துட்டேன்" என்றார். ஆஃபியா போனைப் பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். கூப்பிடவில்லை, கையையும் நீட்டவில்லை. கதவுக்குப் பின்னால் ஹுமைரா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆஃபியா போனைப் படியில் வைத்துவிட்டு, ஒவ்வொரு அடியாக இறங்கி வந்தாள். போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பாளே, அதேபோல இரண்டு விரல்களை அவர் கன்னத்தில் வைத்து மெதுவாக விரித்தாள்.

ஆசிப் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.