மூணுதட்டு

நடுவில் நின்றுபோன லிஃப்ட்டின் மூடிய கதவில் மெக்கானிக் விரல் முட்டியால் மூன்று முறை தட்டுகிறார். உள்ளே யாரோ எல்லாப் பொத்தான்களையும் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். கருவிப் பையை இறக்கிவைத்துத் தரையில் சப்பணமிட்டு உட்காருகிறார்.

"நான் வந்துட்டேன். கதவைத் தள்ளாதீங்க."

"எவ்வளவு நேரமாகும்?"

"அது தெரியாதுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

உள்ளிருப்பவரின் மூச்சு நிதானப்பட்ட பிறகுதான் மேலே மோட்டார் அறைக்குப் போவார். நிமிடக் கணக்கு சொல்லவே மாட்டார். "அஞ்சு நிமிஷம்னு சொன்னா ஆறாவது நிமிஷம் கதவை உடைப்பாங்க." எங்கள் குடியிருப்பில் அவருக்கு மூணுதட்டு என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

ஐந்து மாதங்களுக்கு முன் அவர் மனைவிக்குப் பக்கவாதம். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, வலது கைதான் விழுந்துவிட்டது. "வரும், காத்திருங்க" என்றார் டாக்டர். எவ்வளவு நாள் என்று இவர் கேட்கவில்லை.

"உங்க லிஃப்ட்டு மாதிரி நானும் நடுவுல நின்னுட்டேன் போங்க" என்றாள் அவள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் ஞாயிறுதோறும் ஒன்று கூட்டி நான்கு மெழுகுவத்திகள்வரை ஏற்றுவது அந்த வீட்டில் எப்போதும் அவள் வேலை. இந்த முறை முதல் ஞாயிறன்று தீக்குச்சி அவள் விரலிலிருந்து நழுவியது. இவர் சட்டென்று எடுத்துத் தானே ஏற்றிவிட்டார்.

"யாரு உங்களை ஏத்தச் சொன்னா? ஊரான் வீட்டு லிஃப்ட்டுக்கெல்லாம் பொறுமை இருக்கு, எனக்கு மட்டும் இல்லையா?"

அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டாம் ஞாயிறு குச்சி ஒடிந்தது. இவர் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. மெழுகுவத்திகள் ஏற்றாமலே நின்றன. ஜெபத்தில் மட்டும், "கட்டைவிரல் அசைஞ்சுது, தோத்திரம்" என்றார். மூன்றாம் ஞாயிறு குச்சி பற்றியது. திரிக்குப் போகுமுன் அணைந்தது.

"பத்திக்கிச்சுல்ல!" என்று சிரித்தாள்.

"பத்திக்கிச்சு. தோத்திரம்."

நான்காம் ஞாயிறு என்னையும் அழைத்திருந்தார்கள். இடது கையில் தீப்பெட்டி, வலது கையில் குச்சி. இரண்டு முறை உரசினாள். மூன்றாவதில் பற்றியது. சுடர் நடுங்கிக்கொண்டே மேசையைக் கடந்தது. நான் எழப் போனேன். அவர் என் தோளை அழுத்தினார். சுடர் விரலை நெருங்கும் நேரத்தில் முதல் திரி பிடித்துக்கொண்டது.

இன்னும் மூன்று இருந்தன. அவர் மேசையில் விரல் முட்டியால் மூன்று முறை தட்டினார். பிறகு அவள் நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.