பதினான்கு மாதம் அரைத்த சாப்பாடு

ஹில்க்கா ரந்தாலா எங்கள் முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடிச் சாப்பாட்டு அறையில் இருபத்திரண்டு வருடம் பரிமாறினாள். பரிமாறுவதைவிட, சாப்பிட்டு முடித்த தட்டுகளை எடுப்பதில்தான் அவளுக்கு அக்கறை அதிகம். மற்றவர்கள் மிச்சத்தை வாளியில் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஹில்க்கா ஒரு நொடி நின்று பார்ப்பாள். உருளைக்கிழங்கு போயிருக்கிறதா, இறைச்சி தொடாமல் கிடக்கிறதா, பாலில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கவனித்துவிட்டு, ஏப்ரன் பையில் இருக்கும் காகிதத்தில் ஏதோ கிறுக்கிக்கொள்வாள்.

"துப்பறியற வேலைக்குப் போயிருக்க வேண்டியவ நீ," என்று நான் கேலி செய்வேன்.

"போயிருப்பேன். அங்க யூனிஃபார்ம் இதைவிடக் கேவலம்," என்பாள்.

நாங்கள் இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் பராமரிப்பாளர், குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் என் வேலை. அவள் சமையலறைப் பக்கம். அதற்கு முன் தண்டர் பே நகரத்தில் ஃபின்லாந்துக்காரர்கள் நடத்திய ஒரு காலை உணவுக் கடையில் பரிமாறிக்கொண்டிருந்தாள். கடையை மூடியதும் இங்கே வந்தாள். அவளுடைய அப்பா மரம் வெட்டுவதற்காக ஃபின்லாந்திலிருந்து வந்தவர். வீட்டில் பேசிய மொழி அவளுக்கு நன்றாகவே மிஞ்சியிருந்தது. அந்த மொழிதான் பின்னால் அவளை வெய்க்கோவிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

வெய்க்கோ மாட்டிலா நாற்பது வருடம் சுப்பீரியர் ஏரியில் மீன் பிடித்தவர். எண்பத்தொரு வயதில், ஞாபகம் தடுமாறத் தொடங்கியபோது எங்களிடம் வந்தார். வந்த புதிதில் நல்ல தீனிக்காரர். காப்பி மட்டுமே காலையில் நான்கு கோப்பை. உப்பு டப்பாவைச் சட்டைப் பையில் ஒளித்துவைத்துக்கொள்வார். பிறகு ஒரு நவம்பரில் நிமோனியா வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வரும்போது கூடவே ஒரு காகிதம் வந்தது. விழுங்குவது மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிறது, அதனால் எல்லாச் சாப்பாட்டையும் அரைத்துத்தான் கொடுக்க வேண்டும், குடிக்கிற எதுவும் மாவு கலந்து கெட்டியாக்கியதாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

அன்றிலிருந்து அவர் தட்டில் மூன்று உருண்டை விழும். ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை. திங்கள் மாட்டிறைச்சி, செவ்வாய் கோழி என்று கிழமைதோறும் மாறுமே தவிர, பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். காப்பிகூட வழியாமல் கரண்டியில் நிற்கும். இதற்குள் அவருக்கு ஆங்கிலம் முழுக்க மறந்துவிட்டது. ஃபின்னிஷில்தான் பேசினார். அதிலும் சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார். எனக்கு அது என்னவென்றே புரியாது.

"சாப்பாடு, வெய்க்கோ. வாயைத் திறங்க," என்று நான் ஆங்கிலத்தில் சொல்வேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன். இருபது நிமிடத்தில் நான்கு பேருக்கு ஊட்ட வேண்டும். நான் நின்றுகொண்டே, மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து ஊட்டுவேன். வெய்க்கோ முன்னால் சரிந்துவிடுகிறார் என்று நாற்காலியைப் பின்னால் சாய்த்துவைப்பேன். ஒருநாள் அவர் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். பச்சை உருண்டை என் சட்டையெல்லாம் வழிந்தது. "சாப்பிட மறுக்கிறார், கையை ஓங்குகிறார்" என்று நான்தான் பதிவேட்டில் எழுதினேன்.

அன்று தட்டெடுக்க வந்த ஹில்க்கா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"அவர் என்ன கேக்கறார்னு தெரியுமா உனக்கு?"

"என்ன?"

"'இது என்ன?'ன்னு கேக்கறார். ஆறு மாசமா கேக்கறார். ஒருத்தரும் பதில் சொல்லல."

மறுநாளிலிருந்து அவர் தட்டை அவளே கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொரு உருண்டையையும் கரண்டியால் தொட்டுக் காட்டி, இது கோழி, இது உருளைக்கிழங்கு, இது பட்டாணி என்று ஃபின்னிஷில் சொன்னாள். வெய்க்கோ பட்டாணியை முறைத்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். ஹில்க்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னடி சொன்னார்?"

"பட்டாணிக்கு என்ன விபத்து நடந்துச்சுன்னு கேக்கறார்."

அன்றைக்குப் பாதித் தட்டு காலியானது. ஆனால் ஹில்க்கா ஒருத்தி. அவளுக்கு விடுமுறை உண்டு, மற்ற மேசைகள் உண்டு. வெய்க்கோவின் எடை இறங்கிக்கொண்டே போனது. எழுபத்தெட்டு கிலோ இருந்தவர் ஒரு வருடத்தில் அறுபதுக்குக் கீழே வந்துவிட்டார். மேல் பல்செட் பேசும்போதே கழன்று விழுந்தது. ஹில்க்கா இரண்டு தடவை மேலாளரிடம் போய்ச் சொன்னாள். வயதானால் பசி குறையும், நீ சமையலறையைப் பார் என்று பதில் வந்தது.

ஜனவரியில் அவருக்கு எண்பத்து நான்காவது பிறந்தநாள். அன்று காலை ஹில்க்கா வீட்டிலிருந்து ஏலக்காய் போட்ட பன் ஒன்று கொண்டுவந்தாள். ஃபின்லாந்துக்காரர்கள் காப்பியோடு சாப்பிடுகிற இனிப்பு பன். அவருக்கு ரொட்டி கூடாது என்பது அவளுக்குத் தெரியும். நன்றாக நனைத்துக் கொடுத்தால் அரைத்த மாதிரிதானே என்று நினைத்தாள். சாதாரணக் காப்பியில் ஒரு சிறிய துண்டை ஊறவைத்து அவர் வாயில் வைத்தாள்.

அவர் முகம் மலர்ந்ததை நான் எதிர்மேசையிலிருந்து பார்த்தேன். அடுத்த நொடி அந்த முகம் சிவந்தது. பிறகு நீலம் பாய்ந்தது. சத்தமே வரவில்லை. நான் ஓடிப்போய் அவரை முன்னால் சாய்த்து முதுகில் ஓங்கி அறைந்தேன். நர்ஸ் வந்தாள். நான்காவது அடியில் துண்டு வெளியே வந்து விழுந்தது. வெய்க்கோ மூச்சு வாங்கிக்கொண்டே அழுதார். ஹில்க்கா கையில் மிச்சப் பன்னோடு சிலை மாதிரி நின்றாள்.

அவளை மூன்று வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். கோப்பில் எச்சரிக்கைக் கடிதம் வைத்தார்கள். மாலையில் நான் அவள் வீட்டுக்குப் போனபோது மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

"கொன்னிருப்பேன்டி," என்றாள். "பிறந்தநாளும் அதுவுமா, என் கையாலயே கொன்னிருப்பேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து வெய்க்கோவின் மகள் கைசா அவளைத் தேடி வந்தாள். நான்கு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு சிற்றூரில் பள்ளிக்கூட ஆசிரியை. அந்தப் பனியில் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். கதவைத் திறந்ததும் ஆரம்பித்துவிட்டாளாம்.

"எங்கப்பா உயிரோட விளையாட உங்களுக்கு யார் உரிமை குடுத்தது?"

"யாரும் குடுக்கல. திட்டும்மா, நியாயம்தான். ஆனா திட்டி முடிச்சதும் உள்ள வந்து ஒரு நிமிஷம் உக்காரு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

கைசா உட்கார்ந்ததும் ஹில்க்கா தன் காகிதங்களையெல்லாம் மேசைமேல் பரப்பினாள். பதினான்கு மாதத்துக் கிறுக்கல்.

"உங்கப்பா எத்தனை கிலோ குறைஞ்சிருக்கார்னு உனக்குச் சொன்னாங்களா?"

"கொஞ்சம் மெலிஞ்சிருக்கார், வயசுக்கு அது சகஜம்னு சொன்னாங்க."

"பத்தொன்பது கிலோ."

கைசா அந்தக் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாளாம். பிறகு, "இதை நீங்க ஏன் அவங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

"சொன்னேன். நான் சொன்னா தட்டு எடுக்கறவ உளறுறான்னு போயிடும். நீ மகள். நீ எழுதிக் கேட்டா அவங்க பதில் சொல்லியே ஆகணும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்தக் காகிதத்தை அதுக்கப்புறம் யாராவது எடுத்துப் பாத்தாங்களான்னு கேளு."

கைசா கேட்டாள். அடுத்த வியாழக்கிழமை கூட்டம் கூட்டினார்கள். வியாழன்தான் எங்கள் உணவு நிபுணர் நத்தாலி வருகிற நாள். நூற்று முப்பது பேருக்கு அவள் ஒருத்தி. அதுவும் வாரத்தில் ஒருநாள். நல்ல பெண். எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பாள். அவள் கோப்பைத் திறந்து ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்தாள். முதல் பக்கம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது பக்கத்தைப் புரட்டியதும் நின்றுவிட்டாள். "இரண்டு வாரத்தில் விழுங்கும் திறனை மறுபடி பரிசோதிக்கவும்" என்று அதில் இருந்தது.

"இது நான் பாத்திருக்க வேண்டியது," என்றாள் மெதுவாக. "பாக்கல. என் தப்பு."

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் நான் வாயைத் திறந்துவிட்டேன். நாற்காலியைச் சாய்த்து, நின்றுகொண்டு, அவசர அவசரமாக ஊட்டுவதையெல்லாம் சொன்னேன். 'சாப்பிட மறுக்கிறார்' என்று எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். கைசா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கத்தான் வேண்டியிருந்தது.

வெய்க்கோவை மறுபடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே எக்ஸ்ரேக்கு முன்னால் உட்காரவைத்து, ஒவ்வொரு பதத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, எப்படி விழுங்குகிறார் என்று பார்த்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் பொடியாக நறுக்கிய, ஈரப்பதமுள்ள மென்மையான சாப்பாட்டை அவரால் நன்றாகவே விழுங்க முடிந்தது. சின்னச் சின்ன மடக்காகக் குடித்தால் சாதாரணக் காப்பியும் இறங்கியது. எத்தனை மாதமாக இறங்கியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்! ரொட்டி மட்டும் கூடவே கூடாது. அதிலும் நனைத்த ரொட்டிதான் மோசம் என்று நத்தாலி விளக்கினாள். கட்டியும் தண்ணீருமாகச் சேர்ந்து போகும்போது தொண்டை எதற்கென்று மூடும், எதற்கென்று திறக்கும்? ஹில்க்கா ஜாக்கிரதை என்று நினைத்துச் செய்ததுதான் பெரிய ஆபத்தாக இருந்திருக்கிறது. அதைக் கேட்டபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எடை குறைந்து ஈறு சுருங்கியதால் பல்செட் ஆடியது. அதையும் புதிதாக அளவெடுத்துச் செய்தார்கள்.

ஹில்க்கா வேலைக்குத் திரும்பிய மறுவாரம் புது உத்தரவு வந்தது. பாலும் வெண்ணெயும் விட்டுக் கொதிக்கவைத்த மீன், பொடியாக உதிர்த்தது. கூடவே மசித்த உருளைக்கிழங்கு. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹில்க்கா தட்டை வைத்தாள். அவர் ஃபின்னிஷில் சொன்னதை எனக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இது என்ன?" என்று கேட்டார் வெய்க்கோ.

"மீன். ஏரி மீன்."

அவர் குனிந்து மோந்து பார்த்தார். கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கி, தானே ஒரு வாய் எடுத்துப் போட்டார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். ஹில்க்காவும் நானும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு இல்ல," என்றார்.

"போட்டிருக்கு, வெய்க்கோ."

"பொய் சொல்றே. பாத்தா எங்க அத்தை மாதிரி இருக்கே, பொய்யும் அவளை மாதிரியே சொல்றே."

தட்டு காலியாகத் திரும்பியது. ஹில்க்கா அதைச் சமையலறை ஜன்னலில் வைத்து, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். கழுவுகிறவர் வாங்க வந்தபோதும் கொடுக்க மனமில்லை.

அதன் பிறகு நத்தாலி சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற ஒவ்வொருவரையும் பதினான்காம் நாள் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்தாள். கோப்புகளைக் கிளறியதில் இன்னும் ஏழு பேர் காரணமே இல்லாமல் அரைத்த சாப்பாட்டில் இருந்தது தெரிந்தது. தட்டு எடுக்கிறவர்கள் பார்த்ததை எழுத ஒரு தாள் மாட்டப்பட்டது. மதியச் சாப்பாட்டுக்கு அலுவலகத்தில் இருப்பவர்களும் மாடிக்கு வந்து உட்கார்ந்து ஊட்ட வேண்டும் என்று மேலாளர் உத்தரவு போட்டார். அது நான்கு மாதம் நடந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மேலாளர் மட்டும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

வெய்க்கோ எட்டு கிலோ ஏறினார். பன் ஞாபகம் மட்டும் அவருக்குப் போகவே இல்லை. தினமும் காலையில் காப்பி வந்ததும் ஹில்க்காவின் கையைப் பிடித்துக்கொள்வார்.

"ஒரு துண்டு, பொண்ணே. சின்னத் துண்டு."

"முடியாது. இன்னொரு தடவை உங்க மூச்சு நின்னா என் வேலை போயிடும். அப்புறம் உங்க பொய்க்கார அத்தைக்கு யார் சோறு போடுவா?"

அவர் சிரிப்பார். இவளும் சிரித்துவிட்டுத் திரும்பி நடப்பாள். ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த ஒரு மறுப்புதான் நாளின் கஷ்டமான வேலை என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒன்றரை வருடம் அப்படி இருந்தார். ஒரு மார்ச் மாதம் மதியம் மீன் சூப் குடித்து முடித்து, படுக்கப் போனவர், தூக்கத்திலேயே இதயம் நின்று போய்விட்டார். சடங்குக்குப் பிறகு கைசா எங்கள் எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். ஹில்க்காவைக் கட்டிக்கொண்டு ஏதோ ஃபின்னிஷில் சொன்னாள். என்னவென்று நான் கேட்கவில்லை.

ஹில்க்கா போன வருடம் ஓய்வு பெற்றாள். கடைசி வாரம் மேலாளர் கூப்பிட்டு, அந்தப் பழைய எச்சரிக்கைக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துக் கிழித்துவிடலாமா என்று கேட்டாராம்.

"வேண்டாம், இருக்கட்டும்," என்றிருக்கிறாள். "அன்னிக்கு நான் செஞ்சது தப்புதான். இனிமே வர்ற பொண்ணுங்க அதைப் படிக்கட்டும். படிச்சிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் ரெண்டாவது பக்கத்தையும் புரட்டிப் பாக்கணும்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுங்க."