அன்னப்போஸ்ட்

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் பருவத்தில் அம்மாவின் புடவையில் ஈர மண்ணும் பச்சைக்கொடியும் கலந்த வாசனை வீசும். நான் எட்டாவது படித்த வருடம் அந்த வாசனை பாதியில் சில நாள் நின்றுபோனது. ‘அன்னப்போஸ்ட்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவந்தது அப்போதுதான்.

விக்கிரவாண்டியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தலைவருக்கு ஓட்டுப்பதிவு நடந்ததே இல்லை. மனுத்தாக்கலுக்கு முன்பே கோயில் வாசலில் ஊர் கூடும், பெரியவர்கள் ஒரு பெயரைச் சொல்வார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். கடைசிவரை எதிர்த்து யாரும் நிற்காததால் அவரே தலைவர். அதுதான் ‘அன்னப்போஸ்ட்’. பக்கத்து ஊரில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வரவில்லை என்பதற்காக, சைக்கிள் கடை வைத்திருந்த என் அப்பா அந்த வருடம் தானும் மனுப் போட்டார். ஊர்ப் பெரியவர் கடைக்கே வந்துவிட்டார்.

“ஏம்பா, ஊரு ஒத்துமையா இருக்கறது உனக்குப் பொறுக்கலியா?”

“ஜெயிக்கமாட்டேன்னு எனக்கே தெரியும்ங்க. ஓட்ட எண்ணிட்டு தோத்துட்டன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.”

“தோக்கறதுக்கு எதுக்குடா எலெக்‌ஷன்? இப்பவே தோத்துட்டுப் போ.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் விடியற்காலையில், மல்லாட்டைக் கொல்லை வேலைக்கு வீடு வீடாக ஆள் கூப்பிடும் அக்கா பக்கத்து வீட்டில் குரல் கொடுத்துவிட்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனாள். கடைக்கு ஒரு சைக்கிளும் வரவில்லை. யாருக்காக அப்பா நின்றாரோ அந்தத் தெருக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில், நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பம்புசெட்டிலிருந்து அம்மாவைக் காலிக் குடத்தோடு திருப்பி அனுப்பினார்கள்.

“கொழா கொண்டாரேன்னியே, இருந்த தண்ணியும் போச்சி” என்றாள் அம்மா.

வாபஸ் வாங்கும் கடைசி நாளில் ஊர்ப் பெரியவர்களே வேன் வைத்து அப்பாவை அழைத்துப்போனார்கள். அன்று சாயங்காலம் கோயில் வாசலில், ஊர் வழக்கப்படி, புதுத் தலைவர் அப்பாவுக்கு மாலை போட்டார். விலகியவர் மைக்கில், “முழு மனசோட ஒதுங்கிக்கிட்டேன்” என்று சொல்லியாக வேண்டும். அப்பா சொன்னார். “சத்தமா சொல்லுய்யா, கடைசி தெருவுக்குக் கேக்கட்டும்!” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். அப்பா இன்னொரு தடவை சொன்னார். வேட்டு வெடித்தது.

மறுநாள், எதுவுமே நடக்காததுபோல் எங்கள் வாசலில் அந்த அக்காவின் குரல்: “எழுந்திரும்மே, ஜல்தி வா, வெயில் ஏறிடும்.” அம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். அந்தக் கொல்லைகள் பிளாட்டாகிவிட்டன, பம்புசெட்டும் இல்லை. தெருவுக்குக் குழாய் எப்போதோ வந்துவிட்டது. தன் ஊர்த் தலைவருக்கு ஒரு ஓட்டுகூடப் போடாமல் அப்பா போய்ச்சேர்ந்தார். அவருக்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்து யாரும் மனுப் போடவில்லை.

போன முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது, பஸ் ஸ்டாப்பில் தலைவர் படம் போட்ட பேனரில் ‘போட்டியின்றித் தேர்வு’ என்றிருந்ததை என் மகன் படித்தான்.

“ஒருத்தர்கூட எதுத்து நிக்கலியாம்மா? செம ஊரும்மா உன்னுது.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம்.